வருமானத்தைச் சரிசெய்த பின்

பிராம்ப்டன் கிடங்கில் அதிகாலை மூன்று பத்து.
ஓய்வறைத் தொலைக்காட்சி ஒலியில்லாமல்
வாயசைக்கிறது, கீழே எழுத்து ஓடுகிறது:
இரவு வேலை செய்வோருக்கு
இதயநோய் நாற்பது சதவீதம் கூடுதலாம்.

மாரிசெல் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டாள்.
"நூறு பேரில் நாற்பதா, நிர்மலினி?"

பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்த கை இது,
இப்போது முகவரி ஒட்டுகிறது.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
ஓர் அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில் எழுதினேன்:
பகல் வேலைக்காரர் ஆயிரம் பேரில் பத்து.
இரவில் பதினான்கு.
பத்துக்கு மேல் நான்கு, அதுதான் அந்த நாற்பது.

"நாலே நாலா!"
பெட்டியைத் திறந்து ஒரு வாய் உண்டாள்.
பிறகு மார்க்கரை வாங்கிக்கொண்டு,
"அந்த நாலு பேர் யார்?"

அதற்குச் சூத்திரம் இல்லை.

கைப்பேசியில் ஆய்வையே தேடிப் பிடித்தேன்.
புகைத்தல், எடை, வயது,
வருமானம் எல்லாவற்றையும்
சரிசெய்த பின் கிடைத்த விடையாம்.
வருமானத்தைச் சரிசெய்தார்களாம்!
மாரிசெல் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
எந்த அலுவலகத்தில், எத்தனை மணிக்கு என்றாள்.

'இதுவே காரணம் என்று கூறவியலாது'
கடைசிப் பத்தியில் ஒரு வரி.
செய்தியில் அது வரவில்லை.
படியேறும்போது எனக்கு இரைக்கும் மூச்சு
அவர்கள் அட்டவணையிலும் வரவில்லை.
வியாழன் பகலில், தூங்கவேண்டிய நேரத்தில்,
டாக்டரிடம் போகவேண்டும்.

மணி அடித்தது.
யாரோ அவசரத்தில் அந்தப் பெட்டியிலேயே
எதையோ வைத்து நாடா ஒட்டிவிட்டார்கள்.
தண்டர் பே போகிறது.
திறப்பவர் பார்க்கட்டும்:
ஒரு பத்து, ஒரு பதினான்கு,
பக்கத்தில் மாரிசெல் வரைந்த
நான்கு சின்ன முகங்கள்.
அதில் ஒரு முகத்துக்கு மட்டும்
மூக்குக்கண்ணாடி.