இருக்கை 31-அ

தகோராடி நெடுஞ்சாலையோரம்
சக்கரமில்லாமல் நிற்கிறது எங்கள் விமானம்.
இறக்கையின் நிழலில் ஆடுகள்.
எஞ்சினுக்குள் அடுப்பு.

"பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள்,
ஜொலோஃப் சோறு வருகிறது" என்பேன்.
சிரிப்பார்கள். படமெடுப்பார்கள்.
நான் ஒருநாளும் பறந்ததில்லை.

வியாழனன்று தனியாக வந்த போவாடி
கடைசி வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.
அங்கேதான் உட்காரவைத்தார்களாம்,
ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து திருப்பியனுப்பியபோது,
இரண்டு போலீசுக்கு நடுவே.
சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட அவர்களே பிரித்தார்களாம்.

"சன்னலோரம் கொடு, எசினாம்.
பெல்ட் வேண்டாம்."

மீனை இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றார்,
முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்துவைத்து.
வெளியே ஓர் ஆடு
சக்கரம் கழற்றிய தண்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
தட்டு எட்டரைக்கே காலி.
அவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தரையிறங்கும் அறிவிப்பு என் வேலை.
அன்றைக்கு
வாய்திறக்கவில்லை.