தரைவழி மட்டும்

திரும்பி வரும் போன்களைப் போட்டனுப்ப
கம்பெனியின் பெட்டிகள் கடைக்கு வந்திறங்கிய நாள்
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் ஒரு பெட்டி,
உட்சுவரில் தீப்பிடிக்காத வெள்ளை நார்.
கூடவே ஒரு சோடி நீலக் கையுறை.
பக்கவாட்டில் சிவப்பு எழுத்து:
விமானத்தில் ஏற்றாதீர். தரைவழி மட்டும்.

போன மாதம்
இதே போனை வெறுங்கையால் எடுத்துக்
கன்னத்தில் வைத்துக் காட்டியவள் நான்.
பாருங்கள், எவ்வளவு மெல்லிசு என்று.

எங்களுக்கு ஒரு தாள் தந்திருந்தார்கள்.
தீ என்று சொல்லக்கூடாது.
வெடிப்பு என்று சொல்லவே கூடாது.
வெப்பம் சார்ந்த நிகழ்வு, அவ்வளவுதான்.
வெடிக்கு வேறு பெயர் வைப்பவர்களை
நான் முன்பும் கேட்டிருக்கிறேன்
வேறொரு நாட்டு வானொலியில்.
தாளை மடித்துக் கல்லாவுக்குக் கீழே வைத்தேன்.

உக்ரைன்காரக் கிழவர் ஒருவர்
சூப் பானைக்குள் போனை வைத்து
மூடியைக் கயிற்றால் கட்டி
பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு வந்தார்.
மரிசெல் என்ற தாதி தரவே மாட்டேன் என்றாள்.
மூன்று தவணை இன்னும் பாக்கியாம்,
முழுக்கக் கட்டாத பொருள் எரிந்தால்
அது யாருடைய தீ என்று கேட்டாள்.
தாளில் அதற்குப் பதில் இல்லை.

குகநேசன் அண்ணை லொறி ஓட்டுகிறவர்.
தண்டர் பே போய்த் திரும்புகிற வழியில்
சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டு வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்தார்.
மாற்றுப் போனை நீட்டினேன்.
மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தால்
பயமில்லை, இது வேறு பற்றரி என்றேன்.
தாளில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.
தமிழில் சொன்னதால்
அது என் வாக்கு ஆகிவிட்டது.

பதினெட்டு நாள்.
பச்சைப் புள்ளி போட்டவையும்
பற்றத் தொடங்கின.

திரும்பி வந்தார்.
சத்தம் போடுவார் என்று
மானேஜர் பின்னறைக்குள் போய்விட்டான்.
அண்ணை மெதுவாகத்தான் பேசினார்:
'கம்பெனியை எனக்குத் தெரியாது, பிள்ளை.
அது எந்த நாட்டில இருக்குதெண்டும் தெரியாது.
நீர் சொன்னபடியாத்தான் வாங்கினனான்.'

ஒரு கம்பெனி மன்னிப்புக் கேட்டால்
முழுப்பக்க விளம்பரம் போடும்,
அடியில் கையெழுத்தும் இருக்கும்.
எனக்கு முன்னால் இருந்தது
இரண்டடி அகலக் கண்ணாடி மேசை.

'நீர் என்ன வச்சிருக்கிறீர்?'
எடுத்துக் காட்டினேன். அதேதான்.
ஊழியர் விலையில் வாங்கியது.
'இரவில எங்க சார்ஜ் போடுவீர்?'
பால்கனிக் கதவை இடுக்களவு திறந்து
வயரை வெளியே விட்டு
தோசைக்கல்லில் வைத்து, கல்லைப் பனியில் வைத்து,
விடியும்வரை ஒரு காதால் தூங்குகிறேன்
என்று சொல்லிவிட்டேன்.
தாள் ஆரம்பித்த நாளிலிருந்து
நான் சொன்ன முதல் வசனம் அது.

அவர் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
'அப்ப இப்ப எதை வாங்கட்டும்?'

தெரியாது அண்ணை என்றேன்.

காசைத் திருப்பி வாங்கி
எண்ணாமலே சட்டைப்பையில் வைத்தார்.
'இந்தப் பெட்டியள் இரவைக்கு என்ர லொறியிலதான்
மிஸிஸாகாவுக்குப் போகுது,' என்றார்.
'நானே ஏத்திக்கொண்டு போறன்,
நானே திருப்பிக் குடுத்ததை.'

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்கும்.
பின்னறையில் அடுக்கிய பெட்டிகளுக்குள்
ஏதோ ஒன்று அடிக்கத் தொடங்கியது.
இரவு ஓட்டத்துக்கு அவர் எழும்பும் அலாரம்.
நிறுத்தாமல் தந்துவிட்டார்.
மூன்று பெட்டிச் சுவர் தாண்டி
நாலு மணி, நாலு மணி என்றது.

எழுந்து போனேன்.
நாடாவைக் கிழிக்க முன்
நின்று
கையுறைகளைத் தேடினேன்.