எதிர்க்கரைக்கு வால்

நார்வே வரைபடத்தில் எங்கள் ஃபியோர்டு
ஒரு நகக்கீறல்.
மேற்கரையில் ஸ்கார்நெஸ், கிழக்கே தூல்விக்.
இனி இரண்டும் ஒரே நகராட்சி
என்று ஓஸ்லோவிலிருந்து தாள் வந்தது.
பெயர் வைக்கவே இரண்டு குளிர்காலம் போயிற்று.
அடுத்தது கொடி.

குழுவில் எட்டுப் பேர்.
நான் குறிப்பெழுதுபவள், ஸ்கார்நெஸ்காரி.
ஓட்டு கிடையாது.
காபி தீர்ந்தால் என்னைப் பார்ப்பார்கள்.

எங்கள் பழைய கேடயத்தில் நீலத்தின்மேல் வெள்ளி ஹெர்ரிங்.
அவர்களுடையதில் சிவப்பின்மேல் பொன் கோடாரி.
இரண்டையும் அருகருகே வரைந்து வந்தார் பொர்கில்.
மீன்கடைப் பலகை போலிருந்தது.
யாரும் சிரிக்கவில்லை, அவர் மனைவியும்
குழுவில் இருந்ததால்.

பள்ளிப் பிள்ளைகள் இருநூற்றுப் பதினோரு படம் அனுப்பினார்கள்.
பாதிக்கு மேல் படகுத்துறை ஃபெர்ரி.
வாயைத் திறந்து கார்களைத் துப்பும் ஃபெர்ரி.
உண்மையில் எங்களைச் சேர்த்துவைப்பது அது ஒன்றுதான்.
இலச்சினை வல்லுநர் பதில் எழுதினார்:
இயந்திரம் ஆகாது. எழுத்து ஆகாது.
ஒரு உலோகம், ஒரு நிறம், அவ்வளவே.
மஞ்சள் என்று சொல்லாதீர்கள், பொன் என்று சொல்லுங்கள்.
வெளியே மழையில் நின்று பார்க்கும் குழந்தை
வீட்டுக்குப் போய் மறக்காமல் வரையவேண்டும்.

நீலத்தை விட்டுக்கொடுத்தோம்.
பொன்னை அவர்கள் விட்டார்கள்.
சிவப்பில் ஒற்றை வெள்ளி மீன்,
அதன் வால் கோடாரி அலகு.
பார்த்ததும் அறையில் ஒரு அமைதி,
நல்ல அமைதி.
பிறகு ஹல்வார் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலை மேற்கே பார்க்கிறது.
உங்களுக்கு முகம்.
எங்களுக்கு வாலா?"

மீன் கம்பத்தைப் பார்க்கவேண்டும், அது விதி என்றோம்.
விதியை எழுதியவன் எந்தக் கரை என்று கேட்டார்.
அன்றைய குறிப்பில் நான் எழுதியது:
கருத்து வேறுபாடு நிலவியது.
அடுத்த இரண்டு கூட்டத்துக்கும்
அதே வரியைப் பார்த்தெழுதினேன்.

மாதிரி தைக்க லெத்தெப்ரஹானிடம் கொடுத்தோம்.
அஸ்மாராவில் பிறந்தவள், துறைமுகத் தெருவில் சலவைக்கடை.
இரண்டு பக்கமும் தனித்தனி மீன் என்றால்
துணி கனக்கும், காசும் இரட்டை என்றாள்.
ஊடே வெட்டி ஒரே மீனாக வைத்துத் தைத்தாள்,
சாயம் விடுகிறதா என்று அலசினாள்,
கடைக்குப் பின்னால் உலர்த்தினாள்.

கொடியில் காய்ந்தது கொடி,
ஒரு பக்கம் யாருடையதோ காலுறைகள்,
ஒரு பக்கம் தலையணை உறை.

ஹல்வார் முன்னால் நின்று பார்த்தார், முறைத்தார்.
துணியைக் குனிந்து கடந்து பின்னால் போனார்.
வெகுநேரம் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
"இங்கே வலப்பக்கம் போகிறது" என்றது பூட்ஸ்.
மீன் அசையவில்லை.
"காகிதத்துக்குத்தான் ஒரு பக்கம்" என்றாள் அவள்,
கவ்விகளை எடுத்தபடி.

பதினாலுக்குப் பன்னிரண்டு, சபையில் தேறியது.
எதிர்த்தவர்களில் ஆறு பேர் எங்கள் கரை,
நீலத்துக்காக.

ஏற்றிய நாளில் காற்று இல்லை.
இரண்டு பழைய மேயர்கள் பேசினார்கள்,
பித்தளை வாத்தியக் குழு ஊதியது.
நனைந்த துவாலையாய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தது
நாங்கள் மூன்று வருடம் சண்டைபோட்டது.
படம் எடுக்க வந்த பையன்
நாயைப் படமெடுத்துக்கொண்டு போனான்.

ஆறு மணிக்கு நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன்.
தெற்கிலிருந்து கிளம்பியது.
முதலில் கயிறு கம்பத்தில் டக் டக் என்றது,
அப்புறம் சிவப்பு விரிந்தது.
மீன் தெற்கே பார்த்தது.
ஏழரைக்குக் காற்று வடக்கே மாறியது,
மீனும் திரும்பியது.
ஸ்கார்நெஸுக்கும் இல்லை தூல்விக்குக்கும் இல்லை,
அடிப்பது எதுவோ அதன் பக்கம் முகம்,
ஓடுவது எங்கோ அங்கே கோடாரி.

குறிப்பில் சேர்க்கலாம் என்று பையைத் திறந்தேன்.
"காற்று: இல்லை."
மத்தியானமே எட்டுப் பேரும்
கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.