ஒன்பதாவது கட்டம்

மூன்று நாளாகப் பூண்டு இல்லை.
கிராஸ் நகரில், ஆகஸ்டில்,
எதிர்வீட்டு ஜன்னலில் பூண்டும் எண்ணெயும்
வெள்ளையாய்த் திரண்டு வரும் வேளையில்
வெந்த உருளைக்கிழங்கை
உப்புத் தொட்டுத் தின்றேன்.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம் அப்படி.
வாசனையற்ற சோப்பு மட்டும்.
கொதிக்கும் நீர் கூடாது,
தோல் தன் எண்ணெயை விட்டுவிடும்.
மழிக்கக் கூடாது.
வெயிலில் கையை நீட்டக் கூடாது.
யாரையும் கட்டிப்பிடிக்கலாமா என்பது பற்றி
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
அந்த ஷரத்து எனக்குத் தேவைப்படவும் இல்லை.

என் இடது முன்னங்கை வாடகைக்கு.
நாளுக்கு எழுபது யூரோ, மதியச் சாப்பாடு தனி.
பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள்.
நாருக்கு என்ன கூலி என்று
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

காலை எட்டு மணி.
நோல்வென் கையைக் கழுவிவிடுகிறாள்,
குழந்தையைக் கழுவுவதுபோல் அல்ல,
கத்தரிக்காயைக் கழுவுவதுபோல்.
துண்டால் ஒற்றுகிறாள். முழுக்கக் காயவிடுவதில்லை.
ஈரம் மிச்சமிருக்கும்போதே களிம்பு இட வேண்டுமாம்;
வறண்ட தோல் கடன் வாங்கியவனைப்போல,
கொடுத்ததையெல்லாம் குடித்துவிட்டு
அடுத்த மணியில்
கொடுக்கவே இல்லை என்று சாதிக்கும்.

பேனாவால் ஒன்பது கட்டங்கள்.
முதல் மூன்றில் வாசலின், நகக்கண் அளவு.
அடுத்த மூன்றில் பாதாம் எண்ணெய்.
ஏழும் எட்டும் வெறும் தோல்.
எட்டுக்கும் ஒரே ரோஜா, ஒரே துளி.
"தேய்க்காதீர்கள் மேடம்."
தேய்க்கவில்லை.
கடைகளில் மணிக்கட்டோடு மணிக்கட்டை
உரசுகிறவர்களைப் பார்த்தால்
இப்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.
ஒன்பதாவதை அப்படியே விட்டாள்.
நானும் கேட்கவில்லை.

அர்மான் மணிக்கொரு தடவை வருவார்.
எனக்குக் கை, அவருக்கு மூக்கு.
மூக்குக்குக் காப்பீடு உண்டாம். கைக்கு இல்லை.
தாடையில் சவரக் காயம்,
அதன்மேல் கிழித்து ஒட்டிய காகிதத் துணுக்கு.
குனிவார். கண்களை மூடுவார்.
மூச்சை உள்ளே மட்டும் இழுப்பார்,
வெளியே விட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
ஓர் எண் சொல்வார். நோல்வென் எழுதுவாள்.

பதினோரு மணிக்கு ஏழாவது கட்டம் செத்தது.
துணைக்கு எட்டாவதும் போனது.
மதியம் மீன், பூண்டில்லாமல்.
நாலு மணிக்குள் பாதாம் மூன்றும்
தணிந்து, தணிந்து, இரண்டு, ஒன்று.
வாசலின் மேல் மட்டும்
வாடகை பாக்கி வைத்துக்கொண்டு
வீட்டைக் காலி செய்யாத ஆளைப்போல
ரோஜா உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பதுக்கும் குனிந்தார்.
எண் சொல்லவில்லை.
காதருகே ஏதோ முணுமுணுத்தார், அவள் எழுதினாள்.

ஆறு மணிக்கு, கடைசிச் சுற்றில் கேட்டேன்:
"அதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?"
"ஒன்றுமில்லை. நீங்கள்தான்.
மற்றவற்றிலிருந்து கழிப்பதற்கு."

கையெழுத்துப் போடும் சாக்கில்
தாளைத் தலைகீழாகப் படித்தேன்.
ஒன்பது மணி: ஈர மாவு.
பத்து: ஈர மாவு, உப்பு.
ஒன்று: வெயிலில் உலர்ந்த கம்பளி.
நாலு: கம்பளி, பால், தூரத்தில் ஓர் இரும்புச் சாவி.
ஆறு: அதே. மங்கவில்லை.

பதினோரு வருடம் ஒரே கட்டிலில் படுத்த எத்தியேன்
"நன்றாக இருக்கிறதே" என்பதைத் தாண்டியதில்லை.
அதுவும் நான் வாங்கிய புட்டியைச் சொன்னது.

பேருந்தில் பக்கத்துப் பெண் கேட்டாள், என்ன வாசனை என்று.
ரோஜா என்றேன்.
அவள் தலையாட்டி, தன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
முழங்கையை மடக்கி, இருமுவதுபோல்,
ஒன்பதாவது கட்டத்தில் மூக்கை வைத்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
சாவியும் இல்லை, பாலும் இல்லை.

வீட்டில் நான்கு பல் பூண்டை நசுக்கினேன்.
ஐந்து.
பிறகு கையைக் கழுவினேன்.
அந்த ஒன்றை மட்டும் நீரில் காட்டவில்லை
என்று சொன்னால் அது பொய்.
எல்லாவற்றையும்தான் கழுவினேன்.
பேனாக் கோடு போகவில்லை.