வாடை

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி, கீழ்த்தளம் இரண்டு.
வாகனங்களை இங்கே பழுதுபார்க்கக் கூடாது என்று
மலாயில் மட்டும் எழுதியிருக்கும் தூண்.
எனக்கு மலாய் நன்றாகவே வாசிக்க வரும்.

சனிக்கிழமை காலை பானட்டைத் தூக்கினேன்.
பச்சை எம்.ஜி., என்னைவிட நான்கு வயது மூத்தது.
குளிர்தேசத்தில் பிறந்து, கப்பலேறி,
கம்பளி கழற்றாமல் இங்கே வியர்க்கிறது.

"இந்த ஊர்ல எவனுக்கு ஹீட்டர்?"
முட்டைகோசுப் பையோடு லிஃப்டுக்குப் போகிற வழியில்
புஷ்பலீலா கேட்டாள்.
பல்லிடுக்கில் டார்ச்சைக் கடித்திருந்தேன்,
பதில் வராததற்கு அது போதும்.

பதில் இதுதான்:
போன மாதம் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நாலரை மணி மழை.
கண்ணாடியின் உள்பக்கம்
என் மூச்சே எனக்கு எதிராகப் படர்ந்தது.
ஒரு கையில் ஸ்டியரிங், மறுகையில் பழைய பனியன்.
துடைத்த வட்டத்துக்குள் திடீரென்று
மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு முதுகு.
பிரேக் பிடித்தது.
அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பங்சார் வரை நான்தான் நடுங்கிக்கொண்டு போனேன்.
ஊதவேண்டிய விசிறி
அன்றைக்கு ஒருமுறை முனகிவிட்டுச் செத்திருந்தது.

ரேடியேட்டர் தண்ணீரை மைலோ டின்னில் இறக்கினேன்.
இரண்டு ஹோஸ், ஒரு கேபிள், ஆறு திருகு.
ஐந்து வந்தன.
ஆறாவது, வாடகை தராத குடித்தனக்காரனைப் போல
உட்கார்ந்த இடத்திலேயே சுற்றியது.
விரல் முட்டியில் தோல் போனது.
அதற்கப்புறம் அதுவும் வந்தது.

பெட்டியைத் திறந்தால்
அங்சானா பூ, பொடியாகிப் போன மஞ்சள்.
கரப்பான் முட்டைக்கூடு.
யாரோ தொலைத்துத் தேடாமல் விட்ட ஒற்றைச் சட்டைப் பொத்தான்.
பழைய மோட்டாரைக் கையில் எடுத்தேன்,
ஒரு மாம்பழ எடை.
சுற்றிப் பார்த்தேன், மணல் அரைத்தது.

புதியதை மாட்டி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட
மத்தியானம் போய் மூன்று மணி.
இந்த நேரத்துக்குத்தான் தேஜ் குருங் வந்தார்,
காவல்காரர், சீருடையில் இஸ்திரி கத்தி மாதிரி.
தூணைக் காட்டினார். என்னைக் காட்டினார்.
சட்டைப்பையிலிருந்து அபராதப் புத்தகம்.
"ஐம்பது வெள்ளி, பாங்."
எழுதட்டும் என்று எஞ்சினைக் கிளப்பி
சுவிட்சைத் தட்டினேன்.

சத்தம் உண்டு. காற்று இல்லை.
சீட்டைக் கிழித்து அவரே துவாரத்தின் முன் பிடித்தார்.
சாகப்போகும் பட்டாம்பூச்சி அளவுக்கு அசைந்தது.
"திருப்பிச் சுத்துது" என்றார் மலாயில்,
விரலால் இடப்பக்கம் வட்டம் போட்டு.
ஒயர் இரண்டும் வெயிலில் ஒரே பழுப்பு.
இடம் மாற்றினேன். இரண்டு நிமிடம்.

பள்ளியில் வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று என்று
பரீட்சைக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.
வீட்டில் வாடை என்றால் நாற்றம் மட்டும்தான்.
இப்போது வந்தது இரண்டாவது வாடை:
சுட்ட ரப்பர், பழைய தூசி, இனிப்பாய்க் கூலண்ட்.
பிறகு, மெல்ல, சூடு.

தேஜ் குருங் தொப்பியைக் கழற்றினார்.
இரண்டு உள்ளங்கையையும் துவாரத்துக்கு முன் விரித்து
கண்ணை மூடி நின்றார்.
முப்பத்துமூன்று டிகிரி. அவர் கழுத்தில் வியர்வை ஓடியது.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை, "அம்மா அடுப்பு" என்ற
இரண்டு சொல்லைத் தவிர.

விரல் இடுக்கிலிருந்த சீட்டு பறந்து
பக்கத்து மைவியின் அடியில் போய்விட்டது.
நான் குனியப் போனேன்.
"வேண்டாம்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு
இன்னொன்று எழுதத் தொடங்கினார்,
வண்டி எண்ணை என்னிடமே கேட்டு.