பொதுச்சுவர்

முதலில் சுவிட்சுக்குள்ளிருந்து வந்தன.
விளக்கைப் போட்டால் விரல் நுனியில் ஒன்று.
பிறகு மைக்ரோவேவ் கடிகாரத்துக்குள்,
எட்டு மணி முப்பது நிமிடத்தின்
பூஜ்ஜியத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்று.

சிராங்கூன் கார்டன்ஸில்
ஐம்பத்தாறில் கட்டிய வரிசைவீடு.
என் சமையலறைச் சுவரின் மறுபக்கம்
திருமதி ஓங்கின் சமையலறை.
இருவருக்கும் ஒரே செங்கல்.
அவர் மிளகாய் இடித்தால்
என் தட்டுகள் சத்தம் போடும்.
பேசி ஒன்பது வருடம் ஆகிறது.
ரம்புத்தான் கிளை ஒன்று. அதை விடுங்கள்.

"எறும்பு தின்றால் கண் நல்லாத் தெரியும்" என்று
இரண்டு வாரம் காப்பியைக் குடித்தார் குணாளன்.
மூன்றாம் வாரம்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"போதும், தெரியுது" என்றார்.

அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாம்.
வைத்தால், டெங்குச் சோதனைக்கு வருகிறவர்
கிண்ணத்துக்குள் டார்ச் அடித்து
கொசுப்புழுவுக்கு அபராதம் எழுதுவார்.
எறும்புக்கு யாரும் எழுதுவதில்லை.

ஆகவே ஸ்ப்ரே.
அடித்த இரவு நிம்மதி. காலையில்
ஒரு சாரை போன வீட்டில் மூன்று:
குளியலறையில்,
அரிசி டின்னின் விளிம்பில்,
தலையணை உறைக்குள்.

ரோஸ்லான் வந்தார், முழங்கால் உறையோடு.
பெட்டியைத் திறக்கவில்லை. மண்டியிட்டு
அரைமணி நேரம் சும்மா பார்த்தார்.
வெள்ளைத் தாள் ஒன்றை வழியில் வைத்தார்.
கருத்த தலைகள் மட்டும் நடந்தன,
உடம்பு தாளோடு தாளாய்.
ஒன்றை நசுக்கி என் மூக்கருகே நீட்டினார்.
காறிய தேங்காய்.

"பேய் எறும்பு, அக்கா.
ராணி ஒன்றில்லை, பல.
மருந்தடித்தால் மிரளும். ஆளுக்கொரு
ராணியைக் கூட்டிக்கொண்டு
தனிக்குடித்தனம் போய்விடும்."
அவர் பேசியது மலாய்.
தனிக்குடித்தனம் என் சொல்.

பிறகு சுவரைத் தட்டிக்கொண்டே போனார்.
குழாய் நுழையும் இடத்தில் ஓசை மாறியது.
"கூடு இங்கே இல்லை. அங்கேயும் இல்லை. நடுவில்.
இரண்டு பக்கமும் ஒரே நாளில் வைக்கணும்."
நான் அவர் முழங்கால் உறையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனர்களின் ஏழாம் மாதம்.
திருமதி ஓங்கின் வாசலில்
பேய்களுக்கு ஆரஞ்சு, பிஸ்கட், சாம்பல் தகரம்.
கேட்டுக்கு வெளியே நின்றேன்,
கையில் ஒட்டுநாடா, அதில் ஏழு எறும்பு.
வாங்கிப் பார்த்தவர்
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.
அவ்வளவுதான் என்று திரும்பினேன்.
செருப்புச் சத்தம்.
அவர் கையிலும் ஓர் ஒட்டுநாடா,
அதில் பன்னிரண்டு.

மருந்து என்பது சர்க்கரைப் பாகுதான்.
அதில் கேரம் பலகைக்குத் தூவும் பொடி,
நூற்றுக்கு ஒன்று.
"கூட்டிவிடாதீங்க. வீடு போய்ச் சேரும்வரை
அது உயிரோடு இருக்கணும்."
இதைச் சொன்னபோது
ரோஸ்லான் என்னைப் பார்க்கவில்லை.

முதல் நாள் திருவிழாக் கூட்டம்.
துடைக்கக் கூடாது.
முப்பது வருடம் துடைத்த கை
தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.
பாட்டில் மூடியைச் சுற்றிக் குடித்து
கண்ணாடி வயிறு புடைத்துத் திரும்புபவை
எதிரே வருவதை நிறுத்தி
வாயோடு வாய் வைத்துக்
கொடுத்துவிட்டுப் போயின.
இதை நான் இவ்வளவு அருகில்
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் சுவரில் சத்தம். மூன்று தட்டு.
அவர் பக்கம் மூன்று என்று
புரிய ஒரு நிமிடம் ஆனது.
என் பக்கம் எண்ணினேன்.
இரண்டு தட்டினேன்.

ஏழாம் நாள் ஒன்று. ஒன்று.

பதினோராம் நாள் மாலை
சுவிட்சைப் போட்டேன்.
விளக்கு மட்டும் வந்தது.
சொல்வதற்கு எண்ணிக்கை இல்லை.
இருந்தும் தட்டினேன்.

மறுபக்கம்
மிளகாய் இடிப்பது நின்றது.