ராஜா யார் என்ற கேள்விக்கு இரண்டு மதிப்பெண்

மின்சாரம் இன்னும் வரவில்லை.
முப்பத்தொரு விடைத்தாள்,
ஒரு பேட்டரி விளக்கு,
மை தீரப்போகிற சிவப்புப் பேனா.
ஜன்னலுக்கு வெளியே
அட்லாண்டிக் தன்பாட்டுக்கு இரைகிறது.

உன் குடும்பம் எந்த வகை?
பாடநூலில் நான்கு கட்டம்,
நான்குக்கும் படம்.
தனிக்குடும்பத்துக்கு வரைந்த வீட்டில்
புகைபோக்கி இருக்கிறது.
இந்த செயின்ட் லூசியாவில் யார் வீட்டுக்குப் புகைபோக்கி?

கெர்வின் எழுதியிருக்கிறான்:
நானும் தங்கையும்.
அம்மா டொராண்டோவில்.
வருடத்துக்கு இரண்டு பீப்பாய் வரும்.
அரிசி, சோப்பு, நோட்டுப் புத்தகம், ஷூ.
ஷூ எப்போதும் ஓர் அளவு சின்னது.
அம்மாவிடம் இருப்பது என் பழைய கால்.

விடைக்குறிப்பைப் புரட்டுகிறேன்.
ஒற்றைப் பெற்றோர் என்றால் ஒன்று போடலாம்.
பீப்பாயைப் பெற்றோராகக் கொள்ளலாமா
என்று குறிப்பில் இல்லை.
தாளை அடியில் வைக்கிறேன்.

நெர்லிசாவின் விடை இரண்டே சொல்:
"அப்பா, வெள்ளிக்கிழமை."
அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவையில்லை.
எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை உண்டு,
பன்னிரண்டு வருடமாக.
கையில் டுனா துண்டோடு வருவார்,
திங்கள் விடியுமுன் படகுக்குப் போய்விடுவார்.
'வருகை உறவு' என்கிறது பாடநூல்,
ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கிற நேரம் மாதிரி.
முழு மதிப்பெண் போட்டேன்.
சொந்தக்காரியம் என்று யாராவது சொன்னால்
சொல்லிக்கொள்ளட்டும்.

சமூகக் குழுவுக்கு ஓர் உதாரணம்:
பாதிப்பேர் கிரிக்கெட் அணி,
ஐந்து பேர் சூசூ சீட்டு.
அதில் ஒருத்தி,
சீட்டை எடுத்துக்கொண்டு மார்டினிக் ஓடியவளின் பெயரையும்
முகவரியோடு எழுதிவிட்டாள்.
ஒருவன் கூட்மே பற்றி:
புயலில் பறந்த எங்கள் தகரத்தை
பதினாறு பேர் ஒரே சனிக்கிழமையில் ஏற்றினார்கள்.
கூலி, பச்சை வாழைக்காயும் உப்புமீனும்.
அரசாங்கமும் வந்தது, மிஸ்.
அளந்தது. போட்டோ எடுத்தது.
நாயைப் பார்த்துப் பயந்தது.

கடைசிக் கேள்வி.
நம் நாட்டின் அரசுத் தலைவர் யார்?
மன்னர், அவர் சார்பில் கவர்னர் ஜெனரல்.
கரும்பலகையில் மூன்று முறை எழுதிப் போட்டது.
எஸ்ரியேல் ஹிப்போலிட் எழுதுகிறான்:

ராஜா, மிஸ்டர் தியோபிலஸ். மினிபஸ் ஓட்டுகிறார்.
ராணி என் அத்தை, ரொட்டிக் கடையில்.
நீதிபதி உண்டு, போலீஸ் உண்டு, நர்ஸும் உண்டு.
ரோஜாச் சங்கத்துப் பாட்டு இரவில்
சிரித்தால் அபராதம்,
சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அதற்கும் அபராதம்.
அந்தக் காசில்தான் மிஸ் ஃபிலோமினுக்குச்
சவப்பெட்டி வாங்கினோம்.
இன்னொரு ராஜாவும் இருக்கிறாராம்.
எங்கள் தெருப்பக்கம் வந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால்
நான் மார்கரீட் சங்கம்.
எங்கள் பூ ஊதா; ரோஜாவோடு அது
ஒரே ஜாடியில் நிற்காது.
நாங்கள் உட்கார்ந்து பாடுவோம்,
அவர்கள் குதித்துக் கத்துவார்கள்.
போன ஆகஸ்டில் அவர்கள் கூடத்தை
எட்டிப் பார்த்ததற்கு
இந்தத் தியோபிலஸின் போலீஸ்காரன்
என்னிடம் மூன்று டாலர் வாங்கினான்.
ரசீது கேட்டதற்கு இன்னொரு டாலர்.

தவறு என்று போடச் சிவப்பைத் தூக்கினேன்.
மை நின்றுவிட்டது.
மருமகளின் ஊதாப் பேனாவால்
இரண்டுக்கு இரண்டு போட்டு
ஓரத்தில் எழுதினேன்:
'சரி. ஆனால் நம் நாட்டில் ராணிகள் இரண்டு.
மற்றவள் மீன் சந்தையில்.
அவளை விட்டதற்கு அபராதம் ஒரு டாலர்.'

பத்தரைக்கு மின்சாரம் வந்தது.
பிரிட்ஜ் இருமிக்கொண்டு எழுந்தது.
முப்பது தாளைக் கட்டிவிட்டேன்.
கெர்வினுடையது மட்டும் மேசையில்,
எண் இல்லாமல்.
நாளை வருகை எடுக்கும்போது
பேனாவைக் கீழே போட்டுக் குனிய வேண்டும்
அவன் கால் எட்டா, ஒன்பதா.